தெரியாததிலும் மூணு வகை இருக்கு

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டால், கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் ரெண்டே கட்சிதான். முதல் கட்சி சொல்றது: “இதெல்லாம் மனுஷ அறிவுக்கு அப்பாற்பட்டது. நம்ம முன்னோர்கள் அப்பவே சொல்லிட்டாங்க.” ரெண்டாவது கட்சி: “கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, சயின்ஸ் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடும்.” அதுக்கப்புறம் ரெண்டு ஸ்டிக்கர், ஒரு சண்டை, அட்மின் வந்து குரூப்பை லாக் பண்ணுவார். கேள்வி அப்படியே கிடக்கும்.

நான் ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட மாட்டேன். ஏன்னா ரெண்டு பேருமே ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்குன்னு நினைக்கிறாங்க. இயற்பியலில் ‘தெரியாது’ ஒண்ணு இல்லை, குறைஞ்சது மூணு. ஒண்ணு, இன்னும் தெரியாதது. ரெண்டு, தடயம் அழிஞ்சுபோனதால் தெரியாதது. மூணு, நம்ம கையில் இருக்கும் தியரியே “இதுக்கு மேல என்னைக் கேட்காதே” என்று கையை விரித்துவிடுவதால் தெரியாதது. இந்த மூணையும் கலக்காமல் பேசினால்தான், மனித அறிவுக்கு எல்லை இருக்கா என்ற கேள்வியையே ஒழுங்காகக் கேட்க முடியும். இதுக்கு உதாரணம் தேடி ஜெனீவா வரை போகணும்னு இல்லை. நம்ம நாட்டிலேயே இருக்கு, சிலது நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்திலேயே இருக்கு.

இன்னும் தெரியாதது

1835-இல் பிரான்ஸ் நாட்டுத் தத்துவ அறிஞர் ஓகுஸ்ட் கோம்ட் ஒரு தீர்ப்பு எழுதினார். நட்சத்திரங்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதனால் ஒருபோதும் தெரிந்துகொள்ள முடியாது என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமான வாதம்தான். அங்கே போகவும் முடியாது, அங்கிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து லேப்பில் வைக்கவும் முடியாது. அப்புறம் எப்படி?

1859-இல் ஜெர்மனியில் கிர்ச்சாஃபும் புன்சனும் வழி காட்டினார்கள். ஒவ்வொரு தனிமமும் ஒளியில் தனக்கென்று சில கோடுகளை விட்டுச்செல்கிறது. அந்தக் கோடுகள்தான் அதன் கைரேகை. நட்சத்திரத்துக்குப் போகவேண்டாம், அதன் ஒளி இங்கே வந்தால் போதும்.

அடுத்த காட்சி நம்ம பக்கம். 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரான்சிலிருந்து ஜான்சென் என்ற வானியலாளர் நிறமாலைக் கருவியோடு வந்து உட்கார்ந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுவாலைகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார், பளிச்சென்ற கோடுகள் தெரிந்தன. அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்யர், அந்தச் சுவாலைகளில் தெரியும் ஒரு மஞ்சள் கோடு பூமியில் யாருக்கும் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை என்று கண்டார். சூரியனுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அதே ஹீலியத்தை ராம்சே பிரித்தெடுத்தது 1895-இல்.

அதாவது, “நட்சத்திரத்தில் என்ன இருக்குன்னு ஒருபோதும் தெரியாது” என்று சொல்லி 33 வருஷத்தில், பூமியில் கிடைக்காத ஒரு பொருளை ஒரு நட்சத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டோம். கோம்ட் முட்டாள் இல்லை. வரப்போகும் கருவி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு டார்க் மேட்டர், டார்க் எனர்ஜி என்று கேள்விப்படுகிறோம் இல்லையா? பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் நமக்குத் தெரிந்த அணுக்களால் ஆன பொருள் சுமார் 5 சதவீதம்தான். டார்க் மேட்டர் சுமார் 27, டார்க் எனர்ஜி சுமார் 68. “பாத்தீங்களா, 95 சதவீதம் தெரியாது, மனுஷன் ஒண்ணுமில்லை” என்று இதை வைத்து ரீல்ஸ் ஓடுது. என் கருத்து: டார்க் மேட்டரையாவது முதல் வகையில்தான் வைக்கணும். அது எங்கே இருக்கு, எவ்வளவு இருக்கு என்று கேலக்சிகளின் சுழற்சியை வைத்துக் கணக்குப் போடுகிறோம். எதனால் ஆனது என்பதுதான் பாக்கி. இதை ‘அறிவுக்கு அப்பாற்பட்டது’ என்பது அவசரம்.

தடயம் அழிந்ததால் தெரியாதது

பல்லாவரம், செயின்ட் தாமஸ் மவுண்ட் குன்றுகளின் கருநீலப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்திய கம்பெனிக்காரரின் கல்லறையில் இருக்கும் கல் நம்ம ஊர்க் கல். அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். உலகத்தில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான்.

பல்லாவரம் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் வயது சுமார் 454 கோடி, பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி. ஆக, பஸ் ஜன்னலில் தெரியும் அந்தக் குன்று பிரபஞ்சத்தின் வயதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் அந்தப் பாறையிடம் “அதுக்கு முன்னாடி நீ என்னவா இருந்தே?” என்று கேட்டால் முழுசாகப் பதில் வராது. அது பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. பழைய தாதுக்கள் உருமாறிப் புதிய படிகங்கள் ஆகும்போது முந்தைய கதையின் பல பக்கங்கள் எரிந்துபோகும். இது நம்ம மூளையின் குறை இல்லை. பக்கம் எரிந்துபோனால் எவ்வளவு பெரிய படிப்பாளிக்கும் படிக்க முடியாது.

பிரபஞ்சத்துக்கும் இப்படி ஒரு எரிந்த பக்கம் உண்டு. தொடக்கத்திலிருந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை எல்லாம் சூடான பிளாஸ்மா. எலக்ட்ரான்கள் தனியாகத் திரிந்ததால் ஒளி நேராகப் போக முடியாமல் முட்டி முட்டிச் சிதறியது. மார்கழி விடியற்காலையில் செங்கல்பட்டு பைபாஸில் ஹெட்லைட் போட்டாலும் முன்னாடி போற லாரி தெரியாதே, அந்த மாதிரி மூட்டம். வெப்பம் தணிந்து அணுக்கள் உருவானதும் மூட்டம் விலகி ஒளி கிளம்பியது. அந்த ஒளியைத்தான் 1964-65-இல் பென்சியாசும் வில்சனும் ரேடியோ ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலாகப் பிடித்தார்கள். இப்போது அதன் வெப்பநிலை 2.7 கெல்வின். டெலஸ்கோப்பை எவ்வளவு பெரிசாகக் கட்டினாலும் ஒளியை வைத்து இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியாது.

ஆனால் பாருங்க, இங்கேயும் ‘முடியாது’ முழுசா முடியாது இல்லை. ஒளி வரமுடியாத இடத்திலிருந்து வேறு சாட்சிகள் வரலாம். பிரபஞ்சத்தில் இருக்கும் சாதாரணப் பொருளில் எடைக்கணக்கில் சுமார் கால் பங்கு ஹீலியம். நட்சத்திரங்கள் மட்டும் சமைத்து இவ்வளவு வந்திருக்காது. பெரும்பகுதி முதல் சில நிமிடங்களில், பிரபஞ்சமே ஒரு உலையாக இருந்தபோது உருவானது என்று கணக்குப் போட்டால் அளவு அழகாகப் பொருந்துகிறது. குண்டூர் கிரகணத்தோடு தொடங்கிய கதையின் அதே ஹீலியம்தான், 3,80,000 ஆண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததற்குச் சாட்சி சொல்லுது. ஈர்ப்பலைகளும் அந்தச் சுவரைத் தாண்டி வரக்கூடியவை. பிரபஞ்சத் தொடக்கத்து அலைகளைத் தேடும் முயற்சிகள் நடக்கின்றன.

மேத் எரர்

மூணாவது வகைதான் உண்மையிலேயே கஷ்டமானது. நம்மாட்கள் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான்.

1950களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் அமல் குமார் ராய்சவுத்ரி என்ற இளைஞர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். வேலைக்காக அவர் செய்யவேண்டியிருந்தது உலோகங்கள் பற்றிய ஆய்வு. அவர் மனசு இருந்தது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில். வேலைக்கு நடுவே தனியாக உட்கார்ந்து அதைச் செய்தார். (பிளேஸ்மென்ட் ஒரு பக்கம், பிடிச்ச சப்ஜெக்ட் ஒரு பக்கம்னு இருக்கிறவங்க கவனிக்க.)

அன்றைய சிக்கல் இதுதான். விரிந்துகொண்டிருக்கும் பிரபஞ்சத்தைக் கணக்கில் பின்னோக்கி ஓட்டினால், ஒரு கட்டத்தில் அடர்த்தி முடிவிலி ஆகிறது. பலரும் வைத்திருந்த நம்பிக்கை: “பிரபஞ்சம் எல்லா திசையிலும் ஒரே மாதிரி இருக்குன்னு நாம எளிமைப்படுத்திக்கிட்டோம், அதனால வர்ற கோளாறு இது. நிஜத்தில் கொஞ்சம் கோணல்மாணலா இருந்தா எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேராது.” ராய்சவுத்ரி அந்த எளிமைப்படுத்தலையே எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டார். கோணலாக இருந்தாலும், சுழற்சி என்ற ஒன்று இல்லாவிட்டால், ஈர்ப்பு எல்லாப் பாதைகளையும் ஒன்றுசேர்த்தே தீரும் என்று வந்தது. 1955-இல் ஃபிசிகல் ரிவ்யூ இதழில் அந்தக் கட்டுரை வந்தது. இன்றைக்கும் அது ராய்சவுத்ரி சமன்பாடு என்றே அழைக்கப்படுகிறது. 1965-இல் பென்ரோஸும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஹாக்கிங்கும் நிரூபித்த சிங்குலாரிட்டி தேற்றங்களுக்கு அஸ்திவாரம் அதுதான். கருந்துளை பற்றிய வேலைக்காகப் பென்ரோஸுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சிங்குலாரிட்டி என்றால் என்ன? யூடியூப் தம்ப்நெயிலில் அது ஒரு மின்னும் புள்ளி. என்னைக் கேட்டால் அது நம்ம கேஷியோ கால்குலேட்டரில் வரும் ‘மேத் எரர்’. ஒன்றை பூஜ்ஜியத்தால் வகுத்தால் அந்த வார்த்தை வரும். யாராவது அதை விடைத்தாளில் விடையாக எழுதி அடிக்கோடு போடுவோமா? இந்தக் கேள்வி இந்த முறைக்குள் அடங்காது என்று அர்த்தம் எடுத்துக்கொள்வோம். அடர்த்தி முடிவிலி என்று பொதுச் சார்பியல் சொல்லும்போதும் அதே அர்த்தம்தான். “பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து வெடித்தது” என்று அது நிரூபிக்கவில்லை. “இந்த இடத்தில் நான் செல்லமாட்டேன்” என்று அது தானே ஒப்புக்கொள்கிறது.

நமக்கு இது புதுசு இல்லை. ஹூக் விதி எவ்வளவு நல்ல விதி! ஆனால் லேப்பில் இரும்புக் கம்பியை யு.டி.எம்-மில் மாட்டி இழுத்தால், ஒரு அளவுக்கு மேல் கோடு வளைந்துவிடும். ஒவ்வொரு டேட்டாஷீட்டிலும் ‘இந்த வோல்டேஜுக்கு மேல் போகாதே’ என்று ஒரு வரி இருக்கும். பொதுச் சார்பியலின் அந்த வரி எங்கே வரும் என்றும் ஓரளவு தெரியும்: தொடக்கத்திலிருந்து 10-இன் மைனஸ் 43 அடுக்கு நொடி, பிளாங்க் காலம். அந்த அளவில் ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் சேர்த்துப் பேசும் ஒரு தியரி வேணும். பரிசோதனையில் உறுதியான அப்படி ஒரு தியரி நம்மிடம் இல்லை.

பரிசோதிக்க எவ்வளவு தூரம் போகணும்? ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவு உள்ள எல்.ஹெச்.சி. மோதலின் ஆற்றலை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பிளாங்க் ஆற்றல் சுமார் 90 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து வியாழனே சராசரியாக 78 கோடி கிலோமீட்டர்தான். ஸ்ட்ரிங் தியரி, மல்டிவர்ஸ் எல்லாம் இந்த இடைவெளிக்கு நடுவில் நின்றுதான் பேசுகின்றன. அந்தக் கணிதத்தை நான் மதிக்கிறேன், அந்த வேலை நடக்கணும். ஆனால் கணிதம் அழகாக இருப்பதும் பரிசோதனையில் தேறுவதும் ஒன்று இல்லை. ‘விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்’ என்று மல்டிவர்ஸ் பற்றித் தலைப்புப் போடுறவங்களும் முதல் கட்சி செய்யும் வேலையைத்தான் கோட்டு மாட்டிக்கிட்டு செய்யுறாங்க.

நம்ப முடியலைன்னா எல்லையா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். தியரி விசித்திரமான பதில் சொன்னால் அது உடைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அந்தப் பதிலே உண்மையாக இருக்கக்கூடாதா?

இருக்கலாம். 1930-இல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். போகிற வழியில் போட்ட கணக்கின் முடிவு: வெள்ளைக் குள்ளன் என்ற இறந்த நட்சத்திரத்துக்கு ஒரு எடை வரம்பு உண்டு. இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் ஈர்ப்பை அதால் தாங்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் எழுந்து, ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கும் என்கிற மாதிரி கிண்டலடித்து உட்கார்ந்தார். அன்றைய வானியலில் எடிங்டன் பெரிய தலை. ஆனால் சந்திரசேகர் சொன்னதுதான் நின்றது, 1983-இல் நோபலும் வந்தது.

சந்திரசேகர் பயன்படுத்திய ரெண்டு கருவிகள், குவாண்டம் புள்ளியியலும் சிறப்புச் சார்பியலும். ரெண்டுமே அவற்றின் டேட்டாஷீட் அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தன. விடை வினோதமாக இருந்தது, ஆனால் மேத் எரர் வரவில்லை, 1.4 என்று ஒரு எண் வந்தது. எடிங்டனுக்குப் பிடிக்காதது அந்த எண்ணின் விளைவு. ‘எனக்கு நம்ப முடியலை’ என்பதை ‘இயற்கையால் முடியாது’ என்று அவர் மாற்றிச் சொன்னார். ஆக, விடை எவ்வளவு விசித்திரம் என்பதைப் பார்த்து எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது. கருவி எதுவரை சோதிக்கப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் முடியும்.

“நாய்க்குக் கால்குலஸ் புரியாது. அதே மாதிரி மனுஷ மூளைக்கும் ஒரு உயரம் இருக்கும்” என்று சொல்றவங்களுக்கும் இதிலேயே பதில் இருக்கு. மூளைக்கு உயரம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நாம் வெறும் மூளையால் எதையும் புரிந்துகொள்வதில்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதல் சான்று அது. வெறும் கையால் உடைக்க முடியாததை உடைக்க அந்த மனிதர் கல்லைச் செதுக்கினார். நான்கு பரிமாணத்தை யாராலும் கண்ணை மூடி ‘பார்க்க’ முடியாது, ஐன்ஸ்டைனாலும் முடிந்திருக்காது. சமன்பாடு அதைச் செய்கிறது. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை, ஆனால் அது இல்லாமல் ஏ.சி. சர்க்யூட் கணக்கு ஓடாது. குவாண்டம் இயற்பியலுக்கு ‘உண்மையான அர்த்தம்’ என்ன என்று இன்றைக்கும் சண்டை இருக்கு. அதே இயற்பியலை நம்பித்தான் கல்பாக்கம் அணுமின் நிலையம் 1984 முதல் மின்சாரம் தருகிறது. கற்பனை நின்ற இடத்தில் கருவி நிற்பதில்லை.

காலி இடத்தை என்ன செய்வது?

மாமல்லபுரத்துக்கு ஏழு கோயில் நகரம் என்று ஐரோப்பிய மாலுமிகள் பெயர் வைத்திருந்தார்கள். கரையில் நிற்பது ஒன்று, மீதி ஆறு கடலுக்குள் என்று கதை. 2002-இல் கடலுக்கு அடியில் தேடியபோது மனிதர் கட்டிய சுவர் போன்ற அமைப்புகள் தெரிந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் தோண்டியபோது பழைய செங்கல் முருகன் கோயில் வெளிப்பட்டது. உடனே ‘ஆறு கோயிலும் கிடைத்துவிட்டது’ என்று பேசினவங்க உண்டு. ஆனால் கிடைத்தது சில சுவர்கள், ஒரு செங்கல் கோயில். அதுவே பெரிய விஷயம்தான்! அதை ஆறாக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘அங்கே ஏதோ இருக்கு’ என்பதிலிருந்து ‘அங்கே இதுதான் இருக்கு’ என்று தாவுகிற பழக்கத்தைத்தான் நாம் பிரபஞ்சத்தின் முதல் நொடியிலும் செய்கிறோம். ஒருத்தர் அந்தக் காலி இடத்தில் புராணத்தை வைக்கிறார், இன்னொருத்தர் மல்டிவர்ஸை வைக்கிறார்.

அதே ஊரில் பஞ்ச ரதங்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பீம ரதத்தின் மேல்பகுதியில் வேலை நேர்த்தியாக இருக்கும், கீழே கல் அப்படியே விடப்பட்டிருக்கும். வேலை ஏன் நின்றது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆனால் நின்றுபோன அந்த இடம்தான் நமக்கு ஒரு உறுதியான தகவலைத் தருகிறது: சிற்பிகள் மேலிருந்து கீழே செதுக்கி வந்தார்கள். முழுசா முடிந்திருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. அண்டவியலும் அப்படித்தான் வேலை செய்கிறது. இன்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செதுக்கிக்கொண்டு போகிறது. 1,380 கோடி ஆண்டில் முதல் சில நிமிடங்கள் வரை உளி போயிருக்கு. அதற்குக் கீழே கல். அந்தக் கல்லில் பொய்யாக ஒரு சிற்பத்தை வரைந்து வைப்பதைவிட, உளி எதுவரை வந்திருக்கு என்று காட்டுவது நேர்மையானது.

எனக்கு இதில் உண்மையான கவலை நம்ம படிப்பு முறை மேலதான். நாலு வருஷம் வைவாவில் நாம் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: ‘தெரியாது’ன்னு மட்டும் சொல்லிடாதே, எதையாவது அடிச்சு விடு. தெரியாது என்பதற்குப் பூஜ்ஜியம், அடிச்சு விட்டதற்கு அரை மார்க்காவது உண்டு. இப்படிப் பயிற்சி எடுத்து வெளியே போகிறவன் பாலம் கட்டுவான், பிரேக் சிஸ்டத்துக்குக் கோடு எழுதுவான். அவனுக்குத் தன் கருவி எதுவரை செல்லும் என்று சொல்லத் தெரியலைன்னா, பிரபஞ்சத்தை விடுங்க, மேம்பாலத்துக்கே ஆபத்து. ராய்சவுத்ரி செய்தது நேர் எதிர். ‘தெரியாது’ என்பது எந்த இடத்தில் தொடங்குது என்பதை அவர் சமன்பாடாக எழுதிக்கொடுத்தார். அதுக்கு எந்த வைவாவிலும் மார்க் இல்லை. ஆனால் பென்ரோஸும் ஹாக்கிங்கும் வேலையை ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

மனித அறிவுக்கு எல்லை உண்டா என்று கேட்டால், இன்றைய தேதிக்கு உண்டு, அதுவும் ஒண்ணு இல்லை, மூணு. ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கு. ஒன்றைச் சுற்றிப் போக வேறு சாட்சி தேடணும். மூணாவதைத் தாண்டப் புது தியரியே வேணும், அது நம்ம ஆயுளில் வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அடுத்த முறை குரூப்பில் யாராவது “இதெல்லாம் யாருக்கும் தெரியாது”ன்னு போட்டா, சண்டைக்குப் போகாதீங்க. எந்த வகைத் தெரியாதுன்னு மட்டும் கேளுங்க.